தோட்டத்துப் பெண்களும் ஐரோப்பிய நீதிமன்றமும்

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற நிகழ்ச்சியின் முடிவில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் இயக்கங்கள் ஒன்று சேர்ந்தால் சட்டமே மாறுகிறது. நாம் மட்டும் ஏன் தனித்தனியே கத்திக்கொண்டிருக்கிறோம்?" என்றார். நேரம் முடிந்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. நல்ல கேள்வி. ஆனால் அதில் ஒரு சிறு பிழை இருக்கிறது. ஐரோப்பியர்கள் ஒன்று சேர்ந்தார்கள், நாம் சேரவில்லை என்று அந்தத் தங்கை நினைக்கிறார். அவர்கள் சேர்ந்த இடங்களில் ஒன்று நம் பினாங்கு என்பது அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. பினாங்கிலேயே பலருக்கு அது தெரியாது.

ஆகவே ஐரோப்பாவை விட்டுவிட்டு, ஜார்ஜ்டவுனில் உள்ள சூலியா தெருவிலிருந்து தொடங்குகிறேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகே, நாகூர் தர்காவை ஒட்டிச் செல்லும் அந்தத் தெருவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்று தங்கும் விடுதிகளும் சுற்றுப்பயணிகளும் நிறைந்திருக்கும் தெரு. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தபோது இந்தத் தெருவும் அதற்குள் வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தெரு. பழைய வரைபடத்தில் இதற்கு மலபார் தெரு என்று பெயர். ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலேறி வந்து, வியாபாரமோ கூலி வேலையோ செய்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று பிரான்சிஸ் லைட் 1794-இல் எழுதியிருக்கிறார்.

அந்த வணிகர்களிடம் படையும் இல்லை, அரசும் இல்லை. நாகூரில் ஒருவர், அச்சேயில் ஒருவர், பினாங்கில் ஒருவர். ஒரு கடிதம், ஒரு கைச்சாத்து, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை. அதை வைத்துக்கொண்டுதான் வங்காள விரிகுடா முழுவதும் வாணிபம் செய்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் சுற்றுச்சூழல் இயக்கங்கள் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். ஒரு துறைமுகத்துச் செய்தியை இன்னொரு துறைமுகத்துக்கு நம்பகமாகக் கொண்டு சேர்ப்பது.

அந்த வணிகச் சமூகத்திலிருந்து வந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழகத்தில் 1926-இல் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். வெள்ளை ஜிப்பாவில் அவரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1969-இல் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தொடங்கியது. நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தவர் அவர். 1977-இல் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற இயற்கை நண்பர்கள் இயக்கம் வந்தது. 1984-இல் மூன்றாம் உலக வலையமைப்பு வந்தது. 2019 மே மாதம் அவர் காலமாகும் வரை இந்த மூன்றிலும் அவர் கை இருந்தது. அதிகம் பேசுபவர் அல்லர். கோப்புகளை விடாமல் துரத்துபவர்.

பயனீட்டாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இன்னொருவர் அன்வர் ஃபசால். சங்கத்தின் தொடக்ககாலச் செயலாளராக இருந்த இவர், பிறகு உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்பில் ஆசிய பசிபிக் வட்டாரப் பொறுப்பை ஏற்றார். 1978 முதல் 1984 வரை அந்தக் கூட்டமைப்பின் தலைவரே அவர்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்த ஓர் அமைப்புக்கு மூன்றாம் உலகத்திலிருந்து ஒருவர் தலைவரானது அதுவே முதல் தடவை. அவருடைய அலுவலகம் பினாங்கில் இருந்தது. அதனால்தான் லண்டனிலிருந்தும் ஹாம்பர்க்கிலிருந்தும் ஆட்கள் இங்கே வந்து போனார்கள்.

1982 மே

அந்தக் காலத்தில் ஒரு வினோதமான வாணிபம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பூச்சிக்கொல்லி ஆபத்தானது என்று பணக்கார நாடு ஒன்று தன் நாட்டில் தடை போடும். ஆனால் அதைத் தயாரிக்கும் ஆலையை மூடாது. மருந்து கப்பலேறி நம் பக்கம் வரும். வாங்கும் நாட்டுக்கு அது தடை செய்யப்பட்ட சரக்கு என்றே தெரியாது. 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'நச்சு வட்டம்' என்ற நூல் இதை அம்பலப்படுத்தியது. அந்த மருந்து அடித்து விளைந்த காப்பியும் பழமும் திரும்ப அதே பணக்கார நாட்டுச் சாப்பாட்டு மேசைக்கே போகிறது என்று அது காட்டியது.

அதே 1981-இல் பினாங்கு அலுவலகம் 'பயனீட்டாளர் இண்டர்போல்' என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், வேலை உண்மையானது. ஒரு நாட்டில் ஒரு பொருள் தடை செய்யப்பட்டால் உடனே மற்ற நாட்டுச் சங்கங்களுக்கு எச்சரிக்கைத் தாள் போகும். இணையம் இல்லாத காலம். தபால்தலை ஒட்டி அனுப்பினார்கள்.

1982 மே மாதம் பல நாட்டு இயக்கத்தினர் பினாங்கில் கூடினார்கள். ஏற்பாடு செய்தவர்கள் உலகப் பயனீட்டாளர் கூட்டமைப்பும் சஹாபாட் ஆலாமும். அந்தக் கூட்டத்தில்தான் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பு பிறந்தது. ஆங்கிலத்தில் சுருக்கமாக 'பான்' என்பார்கள். அதற்குத் தலைமையகம் என்று ஓர் இடம் வைக்கவில்லை. கண்டத்துக்கு ஒரு மையம், அவ்வளவுதான். ஒரே அமைப்பாகக் கட்டியிருந்தால் தலைவர் பதவிக்கு அடித்துக்கொண்டு பத்து வருடத்தில் உடைந்திருக்கும். நம் சங்கங்களின் கதை நமக்குத் தெரியாததா?

இந்த வலையமைப்பின் ஐரோப்பியக் கிளை 1987-இல் உருவானது. இன்று பிரஸ்ஸல்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பூச்சிக்கொல்லிச் சட்டம் எதுவானாலும் அதற்குள் மூக்கை நுழைக்கும் அமைப்பு அதுதான். மாணவி கேட்ட ஐரோப்பிய ஒற்றுமையில் ஒரு பங்கு பினாங்கில் முளைத்தது என்று நான் சொன்னது இதனால்தான்.

போப்பாலில் 1984 டிசம்பரில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது உலகம் விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளில், இந்த வலையமைப்பு 'நாசகாரப் பன்னிரண்டு' என்று ஒரு மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் பாராகுவாட்.

புல் மருந்து

பாராகுவாட் என்றால் பலருக்குப் புரியாது. கிராமக்ஸோன் என்றால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே தெரியும். எங்களுக்கு அது 'புல் மருந்து'. 1962-இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த களைக்கொல்லி. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் புல்லைக் கருக்குவதற்கு அதைப் போல் வேகமானது வேறில்லை. காலையில் அடித்தால் மறுநாளே புல் வாடும்.

ஆனால் அதற்கு முறிவு மருந்து கிடையாது. ஒரு வாய் விழுங்கினாலே போதும், நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி மனிதர் மூச்சுவிட முடியாமல் சாவார். தவறிக் குடித்துவிடாமலிருக்க அதில் நீல நிறமும் நாற்றமும் வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்தார்கள். குடிக்காவிட்டாலும், தோலில் பட்டால் புண். நகம் கறுத்து விழும். மூக்கில் இரத்தம் வரும். கண்ணில் தெறித்தால் சொல்லவே வேண்டாம்.

இதைத் தோட்டங்களில் யார் அடித்தார்கள்? பெரும்பாலும் பெண்கள். நம் பெண்கள். விடிகாலை பெரட்டுக்கு நின்று, நாலு கேலன் பம்பை முதுகில் சுமந்துகொண்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்குவார்கள். நாலு கேலன் என்றால் பதினெட்டு லிட்டர், பம்பின் எடையும் சேர்ந்து ஓர் ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்குவதற்குச் சமம். பம்பு ஒழுகினால் முதுகு நனையும். முகமூடி கொடுத்தாலும் நம் வெயிலில் அரை மணி நேரம் போட்டிருக்க முடியாது. என் அத்தை ஒருவர் பல வருடம் இந்த வேலை பார்த்தார். சோற்றில் கை வைத்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவார். கரண்டியில் சாப்பிடுவது துரைசானி வழக்கம் என்று சிறுபிள்ளைகளாகிய நாங்கள் கேலி செய்வோம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்கள் வாயைத் திறந்து பேசியதை முறையாக எழுதி வைத்தவர்கள் தெனகானித்தா அமைப்பினரும் பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பான் அமைப்பினரும். ஐரீன் ஃபெர்னாண்டசின் தலைமையில் இயங்கிய தெனகானித்தா பெண் தொழிலாளர்களுக்காக 1991-இல் தொடங்கப்பட்டது. பினாங்குப் பக்கத்தில் பல்லாண்டு பொறுப்பேற்று நடத்தியவர் சரோஜினி ரெங்கம். தோட்டம் தோட்டமாகச் சென்று மருந்தடிக்கும் பெண்களைக் கேட்டு, பரிசோதித்து, 2002-இல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நஞ்சூட்டப்பட்டு, வாய் அடைக்கப்பட்டு'.

அதே 2002 ஆகஸ்டில் மலேசியாவின் பூச்சிக்கொல்லி வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. உலகிலேயே மிகப் பெரிய செம்பனை நாடுகளில் ஒன்று இப்படி முடிவெடுத்தது எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஐரோப்பாவில் நடந்தது

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். சுவீடன் 1983-லேயே பாராகுவாட்டைத் தடை செய்துவிட்டது. பின்லாந்தும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கும் பின்தொடர்ந்தன. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் என்பது ஒரே சந்தை. மருந்துகளுக்கும் பொதுவான ஒரே அனுமதிப் பட்டியல். 2003 டிசம்பர் 1-ஆம் தேதி ஐரோப்பிய ஆணையம் பாராகுவாட்டை அந்தப் பட்டியலில் சேர்த்தது. தடை போட்டு இருபது வருடமான சுவீடனின் கதவையும் அது தட்டத் தொடங்கியது.

இயக்கங்கள் என்ன செய்தன? 1974 முதல் பிரஸ்ஸல்சில் இயங்கும் ஐரோப்பிய சுற்றுச்சூழல் பணியகம், பான் அமைப்பின் ஐரோப்பியக் கிளை, சுவீடனின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், நெதர்லாந்தின் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு ஆகியவை ஒரு பக்கம் நின்றன. அவற்றோடு உணவு, விவசாயத் தொழிலாளர்களின் உலகச் சம்மேளனமும் அதன் ஐரோப்பியக் கூட்டாளியும் சேர்ந்தன. பறவைக்கும் மண்ணுக்கும் வாதாடுபவர்களும் தொழிலாளிக்கு வாதாடுபவர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே மேடையில் உட்காருவது அபூர்வம். 2004-இல் அவர்கள் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய முதல்நிலை நீதிமன்றத்தில் ஆணையத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள்.

தோற்றார்கள்.

மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. இந்த ஆணையால் உங்களுக்குத் தனிப்பட்ட பாதிப்பு இல்லை, ஆகவே வழக்குப் போட உங்களுக்குத் தகுதி இல்லை என்று 2005 நவம்பர் 28-இல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. ஐரோப்பாவில் சங்கம் சேர்ந்தால் சட்டம் மாறும் என்று நினைக்கும் நம் மாணவி இந்தப் பகுதியை மறக்கக் கூடாது. ஆறு அமைப்புகள் சேர்ந்தும் கதவு திறக்கவில்லை.

ஆனால் அதே 2004-இல் இன்னொரு மனுவும் போயிருந்தது. அதைப் போட்டது சுவீடன் அரசாங்கம். டென்மார்க்கும் ஆஸ்திரியாவும் பின்லாந்தும் அதற்குத் துணை நின்றன. ஓர் உறுப்பு நாட்டைப் பார்த்து உனக்குத் தகுதி இல்லை என்று நீதிமன்றம் சொல்ல முடியாது. 2007 ஜூலை 11-இல் தீர்ப்பு வந்தது. பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று எழுந்த ஆய்வுகளை ஆணையம் மதிப்பிடவே இல்லை. மருந்தடிப்பவரின் உடம்பில் அனுமதித்த அளவுக்கு மேல் அது சேரக்கூடும் என்று காட்டிய கள ஆய்வுகளையும் சரியாகப் பார்க்கவில்லை. இப்படிச் சொல்லி அனுமதியை நீதிமன்றம் ரத்து செய்தது. அத்தோடு ஐரோப்பிய ஒன்றியத்தில் பாராகுவாட்டின் கதை முடிந்தது. அந்தக் கள ஆய்வுகளில் ஒன்று வெப்ப நாடான குவாத்தமாலாவில் செய்யப்பட்டது. அங்கே முதுகில் பம்பு சுமந்த தொழிலாளர்களின் உடம்பு லக்சம்பர்க் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறது.

ஆக, இயக்கங்களின் வேலை வீணா? அப்படி நான் நினைக்கவில்லை. தடை போட்ட ஒரு நாடு தன் தடையைக் காக்க நீதிமன்றம் வரை போகிறதென்றால், அந்த நாட்டு மக்களிடம் அந்தத் தடைக்கு ஆதரவு இருக்க வேண்டும். சுவீடனில் அந்த ஆதரவைப் பல பத்தாண்டுகளாக வளர்த்து வைத்திருந்தது அங்குள்ள இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். சுவிட்சர்லாந்தில் 'பெர்ன் பிரகடனம்' என்ற அமைப்பு, மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்த நாட்டிலேயே அதைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் கையில் இருந்த தாள்களில் நம் தோட்டத்துப் பெண்களின் வாக்குமூலங்களும் உண்டு.

இங்கே நடந்தது

ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குச் சில மாதங்களுக்கு முன், 2006-இன் இறுதியில், மலேசியா தன் தடையைத் தளர்த்திக்கொண்டது. இன்னும் விரிவாக ஆராய வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. மலிவான மாற்று மருந்து இல்லை, ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஆபத்து இல்லை என்று தோட்டத்துறையும் மருந்து வியாபாரமும் வாதாடிக்கொண்டிருந்தன. ஆய்வறிக்கை இருந்தது, அமைப்புகள் இருந்தன, ஐரோப்பியத் தொடர்பும் இருந்தது. சுவீடன் இல்லை. அதாவது, யாராலும் மறுக்க முடியாத ஒரு தகுதியோடு நீதிமன்றப் படியேறி இந்தத் தளர்வைக் கேள்வி கேட்க ஒருவர் இல்லை. மருந்தடித்த பெண்ணுக்குத்தான் அந்தத் தகுதி முதலில் இருந்திருக்க வேண்டும். அவருக்கோ மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட வேண்டுமே என்ற பயம்.

இலங்கை 2008-இல் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. மருந்து குடித்துத் தற்கொலை செய்துகொள்வோரின் எண்ணிக்கை அங்கே ஒரு முக்கியக் காரணம். மலேசியா 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதல் முடிவுக்கும் இதற்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல். அந்தக் காலத்தில் நம் பெண்கள் பலர் தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இறக்கி வைத்த பம்பை இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் தூக்கிக்கொண்டார்கள்.

எல்லாம் தாமதம், எல்லாம் தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. 1982-இல் பினாங்கில் எழுப்பிய அடிப்படைக் கோரிக்கை ஒன்று இருக்கிறது. ஒரு நாடு தான் தடை செய்த மருந்தை இன்னொரு நாட்டுக்கு விற்கும்போது, முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பதே அது. 1985-இல் ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் ஒரு நடத்தை விதித் தொகுப்பைக் கொண்டுவந்தபோது இந்த விதியைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். வலையமைப்பினர் விடவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அதன் கிளைகள் தத்தம் அரசாங்கப் பிரதிநிதிகளைத் துளைத்தெடுத்தன. 1989-இல் விதி சேர்க்கப்பட்டது. 1998-இல் ராட்டர்டாம் உடன்படிக்கையாக வளர்ந்தது. 2004 பிப்ரவரியில் அது சர்வதேசச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. தபால்தலை ஒட்டித் தொடங்கிய வேலைக்கு இது சிறிய பலன் அல்ல.

அந்த உடன்படிக்கையிலும் ஓட்டை உண்டு. பட்டியலில் ஒரு மருந்தைச் சேர்ப்பதற்கு எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் விதியே. 2013-இல் பாராகுவாட் கலவை ஒன்றைச் சேர்க்க முயன்றபோது சில நாடுகள் எதிர்த்ததால் அது நின்றுபோனது.

ஐரோப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. 'பெர்ன் பிரகடனம்' என்று நான் சொன்ன அமைப்பு இப்போது 'பொதுக் கண்' என்ற பொருளுடைய பெயரில் இயங்குகிறது. அது ஒரு பிரிட்டிஷ் செய்திக் குழுவோடு சேர்ந்து 2020-இல் ஓர் உண்மையை வெளியே கொண்டுவந்தது. 2018-இல் மட்டும், தங்கள் மண்ணில் தடை செய்த 81 ஆயிரம் டன்னுக்கும் மேலான பூச்சிக்கொல்லிகளை வெளிநாடுகளுக்கு அனுப்ப ஐரோப்பிய நிறுவனங்கள் அறிவிப்புக் கொடுத்திருந்தன. அதில் தனி மருந்து என்ற வகையில் முதலிடம் பாராகுவாட்டுக்கு. பிரிட்டனின் ஹடர்ஸ்பீல்டு ஆலையில் தயாரானது. பிரான்சு 2022 ஜனவரி முதல் இப்படிப்பட்ட ஏற்றுமதியைத் தடை செய்தது. ஒன்றியம் முழுவதற்கும் அப்படி ஓர் ஏற்பாடு செய்வதாக ஐரோப்பிய ஆணையம் 2020 அக்டோபரில் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் இயக்கங்கள் இப்போது அதன் பின்னாலேயே நடக்கின்றன. அவர்களோடு கையெழுத்திடும் அமைப்புகளில் பினாங்கு முகவரி உள்ளவையும் இருக்கின்றன.

தங்கைக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பினாங்குக்குப் போகும்போது சூலியா தெருவில் மீ கோரேங் சாப்பிட்டுவிட்டு அப்படியே பயனீட்டாளர் சங்கத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அவர்கள் தமிழிலும் பத்திரிகை நடத்தியவர்கள், தமிழிலேயே பேசலாம். பழைய கோப்புகளில் அந்தத் தோட்டத்துப் பெண்கள் சொன்னவை இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள். கைவிரல் நகங்களைப் பற்றிய இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.